கட்டில் எந்தப் பக்கம்

டன்லீ,
ஜூன் 9, 2013

அன்புள்ள அக்கா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரும்பாலை என் காதுகளை வாங்கிக்கொண்டு அனுப்பியது உனக்குத் தெரியும். நீ கத்துவாய், நான் என்ன என்ன என்பேன், உள்ளே படுத்திருக்கும் வெர்னா சிரிப்பாள். இது சிரிக்கிற சமாசாரம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த ஆஸ்பத்திரிக் கட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தலைமாடு உயர்கிறது. பக்கவாதம் வந்த பிறகு வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்து சூப் குடிப்பதே அந்தக் கட்டிலால்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அதன் காலில் ஆல்டன் கவுண்டி முதியோர் உதவி அலுவலகம் என்று ஒரு பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்தச் சீட்டைத் தேடிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை ஆல்டனின் வரி மதிப்பீட்டு ஆள் வந்துவிட்டான்.

நல்ல பையன்தான். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சமையலறைத் தரையில் அப்பா அடித்துவைத்த பித்தளை ஆணி வரிசையைக் குனிந்து தடவிப் பார்த்தான். கவுண்டி எல்லை இதுதானா என்று கேட்டான். இதுதான், அடுப்பு பிரென்ட் கவுண்டி, சாப்பாட்டு மேசை உங்கள் ஆல்டன் கவுண்டி, முட்டைக்கோஸ் உருண்டை தினமும் எல்லை தாண்டித்தான் வாய்க்கு வருகிறது என்றேன். சிரித்துவிட்டுக் கேட்டான்:

"கட்டில் எந்தப் பக்கம் சார்?"

அப்பா வாழ்நாள் முழுக்கப் பதில் தயாராக வைத்திருந்த கேள்வி. வீட்டின் நடுவே எல்லை ஓடினால், குடும்பம் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தக் கவுண்டிக்குத்தான் மொத்த வீட்டு வரியும். அதற்காகத்தானே அவர் இரண்டு படி கீழே இறக்கிக் கிழக்கறையைக் கட்டினார். கக்கூஸ் மேற்கே இருக்கிறது, எல்லாரும் கவுண்டி விட்டு கவுண்டி ஓடவேண்டும் என்று அம்மா திட்டியும் அவர் அசையவில்லை. கிழக்கு பிரென்ட், நம்ம பக்கம்; மேற்கு ஆல்டன், அவங்க பக்கம். நம் வீட்டில் உப்பு எங்கே என்று யாரும் கேட்டதில்லை, உப்பு எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். கட்டிக்கொண்டு வந்த வெர்னாவுக்கும் அது முதல் மாதமே ஒட்டிக்கொண்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்க ஆபீசு குடுத்த கட்டில்தாம்ப்பா. வா, வந்து பாரு. ரொம்ப நன்றின்னு சொல்லிடு."

முன்னறை அவங்க பக்கம். அவன் பார்த்தான், நன்றியையும் வாங்கிக்கொண்டான், இப்போது நோட்டீசு வந்திருக்கிறது. பிரென்ட்டில் வீடுகளுக்கு மதிப்புப் போட்டது நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில். ஆல்டனில் போன வருடம். ஒரே கூரை, ஒரே ஒழுகல், ஆனால் அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை. புது வரி பழையதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். என் பென்ஷனில் அதைக் கட்டினால் மருந்து வாங்க முடியாது. கட்டாவிட்டால் இரண்டு வருடத்தில் வீட்டை ஏலத்தில் விட்டுவிடுவார்கள்.

அக்கா, வெர்னாவை முதியோர் இல்லத்தில் விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய அம்மா கடைசியில் அங்கே எப்படிக் கிடந்தாள் என்பதை நீயும் பார்த்தாய். இந்த வீடு போனால் என் வாக்கும் போச்சு. நீ நல்லதுக்குத்தான் செய்தாய். இனிமேல் எனக்கு நல்லது எதுவும் செய்யாதே.

எமில்

---

ஹோல்ப்ரூக்,
ஜூன் 17, 2013

அன்புள்ள எமில்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அன்றே எழுதியிருந்தால் தபால்காரனுக்குக் கை சுட்டிருக்கும்.

நான் முதலில் போன் போட்டது உன்னுடைய பிரென்ட் கவுண்டிக்குத்தான். ஒரு பெண் எடுத்தாள். கட்டிலா, எங்களிடம் கட்டில் ஏது, பெயரை வேண்டுமானால் எழுதிக்கொள்கிறேன், வியாழக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து ஒரு அம்மா வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார் என்றாள். அப்புறம்தான் ஆல்டனுக்குப் போட்டேன். எங்கள் கவுண்டியில்தானே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பாதி வீடு அங்கேதான், அதனால் ஆமாம் என்றேன். நான்காவது நாள் வண்டியில் கட்டில் வந்து இறங்கியது. நீயே இறக்கி வைத்தாய். அப்போது அந்தப் பச்சைச் சீட்டு உன் கண்ணில் படவில்லையா?

வரி வரி என்று பல்லைக் கடிக்கிறாய். அந்த வரியில்தான் அந்தக் கட்டில் வந்தது. உங்கள் தெருவில் பனி தள்ள வருவது ஆல்டனின் வண்டி, பிரென்ட்டின் வண்டி ஏப்ரலில் வரும், பனி தானாக உருகின பிறகு. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். என் சம்பளமும் வரி, இப்போது தின்கிற பென்ஷனும் வரி. அதே வரிதான் என் வீட்டையும் எடுத்துக்கொண்டது என்பது வேறு கதை. எங்கள் லோரிங் கவுண்டி வரிக்கு முன்னால் உன் ஆல்டன் குழந்தை. என் ஸ்டான் செத்து நான் விதவையான மூன்றாவது வருடம் வீட்டை விற்றுவிட்டு இந்த மருந்துக்கடை மாடிக்கு வந்தேன். இந்தப் பென்சில்வேனியாவில் நாம் எங்கே படுக்கிறோம் என்பதுதான் நாம் எவ்வளவுக்கு ஆள் என்பதை முடிவு செய்கிறது. இதை அப்பாவே கண்டுபிடித்த மாதிரி பேசாதே.

நான் சொல்வதைக் கேள். வீட்டை இப்போதே விற்றுவிடு. ஆல்டனிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பார். கட்டில் வரும், நர்ஸ் வருவாள், வெர்னாவோடு நீயும் இருப்பாய். நீ கொடுத்த வாக்கு இல்லத்தில் விடமாட்டேன் என்பதுதானே, வீட்டை விடமாட்டேன் என்பது இல்லையே. என்னிடம் வரச் சொல்லலாம் என்றால் இங்கே மாடிப்படி இருக்கிறது. நானே பால் வாங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இறங்குகிறேன்.

எது செய்தாலும் அவளை அந்தக் கட்டிலிலிருந்து அசைக்காதே.

மில்லி

---

டன்லீ,
ஜூலை 2, 2013

அன்புள்ள அக்கா,

வீட்டை விற்கச் சொல்கிறாய். நடுவே கவுண்டி எல்லை ஓடுகிற வீட்டை யார் வாங்குவான்? தரகன் ஒருவனைக் கூட்டிவந்து காட்டினேன். ஆணிகளைப் பார்த்தான், நோட்டீசைப் பார்த்தான், வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டான்.

ஆல்டனின் முறையீட்டுக் குழுவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அக்டோபரில் கூப்பிடுவார்களாம். அதற்கு முன் ஒரு நாள் சொல்லாமல் ஆள் வந்து பார்ப்பானாம். அவன் வரும்போது கட்டில் கிழக்கே இருக்கவேண்டும், அதுவும் நேற்று நகர்த்தின மாதிரி இல்லாமல், வாழ்கிற மாதிரி இருக்கவேண்டும்.

எனவே கிழக்கறைக்கே திரும்பிப் போகிறோம். இரண்டு படிக்கு மேல் பலகைகளால் ஒரு சரிவு போட்டுவிட்டேன். சக்கர நாற்காலி அதில் இறங்குகிறது. ஏற்றுவதற்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

பொத்தான் கட்டில் போய்விட்டது. அது அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. கழற்றி மாட்ட யாராவது வருவார்களா என்று ஆல்டன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். கிழக்கே போகிறீர்கள் என்றால் நீங்கள் எங்கள் ஆள் இல்லையே என்று பதில் போட்டு, ஆளையும் அனுப்பிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்து வாங்கும்போது அந்த ஆள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் கல்யாணக் கட்டிலில்தான் இருக்கிறாள். முதுகுக்குத் தலையணை அடுக்கிவைக்கிறேன். நான் அவளைக் கேட்காமல் செய்யவில்லை அக்கா. கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பணக்கார ஊரு எனக்கு ஒத்துக்கல எமில். அங்க படுத்தா ராத்திரி பூரா மீட்டர் ஓடுற மாதிரியே இருக்கு. நம்ம பக்கமே போயிடலாம்."

அவளே சொல்கிறாள். நீ அவளை விடப் பெரிய ஆளா?

எமில்

---

ஹோல்ப்ரூக்,
ஜூலை 10, 2013

எமில்,

அவள் உனக்காகச் சொல்கிறாள், மடையா. நீ அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடப்பதை அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன சொல்லுவாள்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு படிக்குச் சரிவு கட்டினார்கள். அது மைதானத்துப் பாதியை எடுத்துக்கொண்டது, அவ்வளவு சாய்வாக இருந்தால்தான் ஒருவர் பத்திரமாகத் தள்ள முடியும் என்றார்கள். நம் சமையலறையில் அவ்வளவு நீளம் ஏது? நீ போட்டிருப்பது சரிவு இல்லை, சறுக்குமரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளைக் கக்கூசுக்குத் தள்ளிக்கொண்டு ஏறுகிறாய்? உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதமாட்டாய், எனக்குத் தெரியும்.

ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கிக் கிழக்கறையிலேயே வை. அவளுக்குக் கூச்சமாக இருக்கும், உனக்கு அதைவிடக் கூச்சம். கூச்சத்தை விடுங்கள் இரண்டு பேரும்.

நான் வருகிறேன். ஆகஸ்டு இரண்டாவது வாரம் பஸ்சுக்குச் சீட்டுப் போட்டுவிட்டேன். நீ வராதே என்று சொன்னாலும் வருவேன். அதுவரைக்கும் சனி ஞாயிறு தீயணைப்பு நிலையத்துப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல். அவர்களுடைய மீன் வறுவல் விருந்துக்கு வருடா வருடம் உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தவள் அவள். ஓடி வருவார்கள்.

மில்லி

---

ஆகஸ்ட் 5, 2013

அக்கா,

பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாதே. பூட்டியிருக்கிறது. நேராக ஆல்டன் ஆஸ்பத்திரிக்கு வா, இரண்டாவது மாடி.

சனிக்கிழமை காலை காப்பி குடித்த பிறகு அவளை மேலே தள்ளினேன். பாதியில் முழங்கால் மடங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்தேன். பிடித்தேன் அக்கா, ஆனால் பிடி நிற்கவில்லை. அவளுக்கு இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது.

நீ சொன்ன கழிப்பறை நாற்காலி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. திங்கட்கிழமை பிரிக்கலாம் என்றாள்.

எமில்

---

ஹோல்ப்ரூக்,
ஆகஸ்ட் 27, 2013

அன்புள்ள எமில்,

ஊர் வந்து சேர்ந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தினமும் தாளை எடுத்து வைத்துவிட்டு மடித்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி நடைவழியில் நான் சொன்னதைத் திரும்ப எழுதமாட்டேன். அதைச் சொன்னபோது நர்ஸ் கூட நின்றுவிட்டாள். வரிக்காக ஒரு பெண்டாட்டியை உருட்டிவிட்டவன் என்று உன்னை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, ஆனால் என் வாயிலிருந்து அது வந்தது. உனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். பஸ்சில் ஏறும்போது நீ என் பையைக் கொடுத்தபோது கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அவளை இனிமேல் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாக்கைக் கொடுத்தவன் நீ. ஆனால் நீ அதைக் கொடுத்த அன்று கேட்டுக்கொண்டு அந்த அறையில் இருந்தவள் நானும்தான்.

பிரென்ட்டின் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் பார்த்தாயா என்று உன்னிடம் கேட்க இருந்தேன். நானே போன் போட்டேன். அதை மூடி ஒன்பது வருடம் ஆகிறதாம். வரியை ஏற்றாமல் இருக்கவேண்டும் என்று ஓட்டுப் போட்டு மூடினார்களாம். அந்தப் பெண்தான் போனை எடுத்தாள், ஜெபத்துக்கு ஆள் அனுப்பட்டுமா என்றாள். நீயும் அந்த ஓட்டைப் போட்டிருப்பாய். வெர்னாவும் போட்டிருப்பாள். உங்கள் வாசலில் அப்போது வரியை ஏற்றாதே என்று ஒரு பலகை நட்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆக ஆல்டன் இல்லம்தான். அங்கே ஜன்னலோரம் கேள். கேட்டால் கொடுப்பார்கள், அவர்களிடம் இருக்கிறது.

உன் அக்கா மில்லி

---

டன்லீ,
அக்டோபர் 22, 2013

அன்புள்ள அக்கா,

நேற்று முறையீட்டுக் குழு கூப்பிட்டது. மூன்று பேர், நடுவில் ஒரு அம்மா. மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, வேறு எதற்காக இவ்வளவும் நடந்தது என்று தோன்றியது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அவர்களுடைய ஆள் செப்டம்பரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். அதே பையன். கிழக்கறைக் கட்டிலையும், நாற்காலியில் தொங்கின என் கால்சட்டையையும், மேசை மேல் தண்ணீர்க் குவளையில் கிடந்த என் பல்செட்டையும் பார்த்தான். பலகைச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டம்மா எங்கே என்று கேட்டான். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் நல்லபடியாகத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறான்.

நடுவில் இருந்த அம்மா என் காதுக்காகச் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார். நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்டார். கிழக்கறையில் என்றேன். பொய் இல்லை. தூக்கம் வருகிறதா என்பதை அவர்கள் கேட்கவில்லை. பிறகு கேட்டார்:

"உங்க மனைவி, சார்?"

"அவ உங்க கவுண்டியில இருக்காம்மா. உங்க இல்லத்துல, பதினாறாம் நம்பர் ரூம். ஜன்னலோரம்."

அவர் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு, வீட்டில் இருக்கிற கட்டில்தான் கணக்கு, கட்டில் பிரென்ட் பக்கம் என்று முடிவு சொன்னார்கள். பழைய வரியே தொடரும். எழுந்து நன்றி சொன்னேன்.

ஜெயித்துவிட்டோம் அக்கா. வீட்டை இனி யாரும் எடுக்கமாட்டார்கள். அப்பா இருந்திருந்தால் சர்ச் வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார். நான் வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், சரிவுப் பலகைகளைக் கழற்றினேன். கழற்றிய பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேற்கே சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ அன்று நடைவழியில் சொன்னது எனக்குக் கேட்டது. அதை நான் எனக்கே அதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் உன் மேல் எனக்கு எதுவும் இல்லை.

அந்த இல்லம் சுத்தமாக இருக்கிறது. சூடு நன்றாக வருகிறது. கட்டில் அதே பொத்தான் கட்டில்தான். காலில் பச்சைச் சீட்டு இருக்கிறது. நம்மிடம் இருந்து தூக்கிக்கொண்டு போனதாகவே இருக்கலாம். தினமும் மத்தியானம் போய் அவளுக்குச் சூப் ஊட்டுகிறேன். இரண்டாவது முறை மூளையில் ரத்தம் அடைத்த பிறகு அவளுக்கு ஆட்கள் தெரிகிறது, இடம் தெரியவில்லை. உன்னை விசாரித்தாள். மில்லி அண்ணி இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாளா என்றாள்.

சூப் முடிந்ததும் கூரையைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"எமில், இது எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான்."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொள்வாள். நான் கிளம்பும்வரை திறக்கமாட்டாள். மறுநாள் திரும்பக் கேட்பாள்.

கிறிஸ்துமசுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. உன்னிடமும் கேட்பாள் அக்கா. நம்ம பக்கம்தான் என்று சொல்லிவிடு.

எமில்